பயங்கரவாதத்துக்கு இலக்கணம் யாது?

நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் நன்னூலார் முதற்கண் வைத்தார். மாணவர் கட்டுரையில் இவை நேரின் புள்ளி குறையும்; சட்டத்தில் நேரின் மனிதர் வாழ்வே கெடும். “பயங்கரவாதம்” என்னும் சொல் இவ்விரு குற்றங்களுக்கும் இடமாயிற்று.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அச்சொல்லைப் பெயரிலே தாங்கியும் அதற்கு வரைவிலக்கணம் கூறவில்லை. குற்றங்களை மட்டும் நிரல்படுத்திற்று. கொலை, ஆட்கடத்தல் என்பவற்றோடு, தெருவோரப் பலகையிலுள்ள எழுத்தை அதிகாரமின்றி அழித்தலும் அந்நிரலில் இடம்பெற்றது. 1958இல் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டதை அறிந்தோர்க்கு அதன் கொடுமை தெரியும். ஆயினும் தாரையும் வெடிகுண்டையும் ஒரே பெயரால் அழைத்தல் மிகைபடக் கூறலேயாம். மூன்றாண்டுக்கென வந்த சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. வழக்கின்றியே ஒருவரை 18 மாதம்வரை தடுத்துவைக்க அமைச்சர் கட்டளை போதுமாயிருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 12 மாதமாகக் குறைத்தது.

இனிக் குன்றக் கூறலை நோக்குவோம். 1983 யூலையில் வாக்காளர் இடாப்பைக் கையிற்கொண்ட கும்பல்கள் கொழும்பில் தமிழர் இல்லங்களைத் தேர்ந்து தீயிட்டன. வெள்ளவத்தையும் எரிந்தது. அதற்கு வழங்கிய பெயர் “கலவரம்”. 1996இல் புலிகள் மத்திய வங்கியில் வெடிக்கவைத்த குண்டும், 2019 உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் வெடித்த குண்டும் பயங்கரவாதம் எனப்பட்டன. அது தக்கதே. ஆனால் 1983இன் தீக்கு அப்பெயர் ஏன் வாய்க்கவில்லை? மத்திய வங்கியில் மாண்டோரை எண்ணும்போது நம்மவருள் எத்தனைபேர் அப்பெயரைச் சொல்லத் தயங்கினோம்? இருதிறத்தாரும் செயலை விடுத்துச் செய்தவரையே அளந்தோம்.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1996இல் அமைத்த குழு ஒன்று, இலங்கையரான ரொஹான் பெரேரா தலைமையில் பல்லாண்டு கூடியும் விரிவான உடன்படிக்கையை முடிக்க இயலவில்லை. விடுதலைப் போராட்டத்தை விலக்குவதா, அரசப் படையின் செயலைச் சேர்ப்பதா என்னும் வினாக்களில் அது தடைப்பட்டு நின்றது.

பொதுமக்களை அச்சுறுத்தும் நோக்குடன் போரிடாதாரைக் கொல்லுதலும் எரித்தலும் பயங்கரவாதம் என்க. இவ்விலக்கணத்துள் செய்தவரின் இனமோ கொடியோ சீருடையோ புகவில்லை. அவற்றைப் புகுத்தாமல் நம் பழைய பூசல்களை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் தகும். அவ்வாசிப்பில் நமக்கு நோவு தரும் பக்கங்களும் உண்டு. அவற்றைத் தாண்டிச் செல்லலாகாது.