எஸ்எஸ்டி எத்தனை வருஷம் உழைக்கும்? பயப்பட வேண்டிய இடம் வேறு!

'ஹெல்த் 94%'. லேப்டாப் வாங்கிய இரண்டாவது வருஷம் ஏதோ ஒரு இலவச மென்பொருள் இப்படிக் காட்டியதும் பதறாதவர்கள் குறைவு. 'ரெண்டு வருஷத்துல 6 போச்சுன்னா, மீதி எவ்வளவு நாள்?' என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். டவுன்லோடு செய்வதைக்கூடக் குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இது தேவையில்லாத கவலை. ஆனால், இதே ஆள் கல்யாண போட்டோ மொத்தத்தையும் ஒரே ஒரு போர்ட்டபிள் எஸ்எஸ்டியில் போட்டு, பீரோவில் பூட்டி வைத்திருப்பார். கவலைப்பட வேண்டியது அங்கேதான்.

முதலில், எஸ்எஸ்டி தேயுமா? தேயும். அதில் சுழலும் தட்டு எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான செல்களில் எலெக்ட்ரான்களை அடைத்துவைப்பதுதான் அதன் வேலை. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும், செல்லைச் சுற்றியுள்ள மின்காப்புப் படலத்தின் வழியே எலெக்ட்ரான்கள் வலுக்கட்டாயமாகத் தள்ளப்படுகின்றன. படலம் மெல்ல மெல்லப் பலவீனமாகிறது. ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைக்கும் பழைய ரகம் சுமார் 1 லட்சம் முறை தாங்கும். இன்று லேப்டாப்களில் பரவலாக இருக்கும் மூன்று பிட் ரகமான டிஎல்சி 1,000 முதல் 3,000 முறை தாங்கும். நான்கு பிட் ரகமான க்யூஎல்சி சுமார் 1,000 முறைதான். ஒரே மேன்ஷன் ரூமில் ஆள் கூடக் கூட வாடகை குறையும், ரூம் பாழாகும் இல்லையா, அதே கதை.

1,000 முறை என்பது கேட்கத்தான் குறைவு. டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல் எல்லா செல்களுக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. சாம்சங் 990 புரோ 1 டெராபைட் டிரைவுக்கு 5 ஆண்டு அல்லது 600 டெராபைட் எழுதும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை வாரன்டி. தினமும் 30 ஜிபி எழுதினாலும் 600 டெராபைட்டைத் தொட 20,000 நாள் ஆகும். அதாவது, 54 வருஷத்துக்கும் மேல்! க்யூஎல்சி ரகமான 870 க்யூவிஓ 1 டெராபைட்டுக்கு 360 டெராபைட்தான் வரம்பு. அதற்கே 32 வருஷம் வருகிறது.

கம்பெனி சொல்வதை எப்படி நம்புவது? அமெரிக்காவின் 'டெக் ரிப்போர்ட்' இணையதளம் 2013-ல் ஆறு எஸ்எஸ்டிகளை எடுத்து, அவை சாகும் வரை இரவு பகலாக எழுதிக்கொண்டே இருந்தது. முதல் டிரைவ் விழுந்ததே 700 டெராபைட்டைத் தாண்டிய பிறகு. கடைசியாக மிஞ்சியது 2,400 டெராபைட் வரை ஓடியது. அவற்றில் ஐந்து டிரைவ்கள் இரண்டு பிட் ரகம் என்பதால், அந்த எண்களை இன்றைய டிரைவ்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும், வாரன்டி வரம்பு தாண்டியதுமே டிரைவ் விழுந்துவிடாது என்பது தெளிவானது.

விதிவிலக்கு உண்டு. டெஸ்லாவின் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் இருந்த ஃபிளாஷ் மெமரி வெறும் 8 ஜிபி. காரின் மென்பொருள் அதில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருந்ததால் ஐந்தாறு வருஷத்தில் செல்கள் தீர்ந்துபோய், திரையே வேலை செய்யவில்லை. பின்பக்க கேமராவும் தெரியவில்லை. 2021-ல் சுமார் 1.35 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. இடம் சின்னதாக இருந்தால் தேய்மானம் வேகமாகும். மொபைலில் இருப்பதும் இதே குடும்பத்து மெமரிதான். அதை 'ஸ்டோரேஜ் ஃபுல்' நிலையிலேயே ஓட்டுவது நல்லதல்ல. பத்து, பதினைந்து சதவீதமாவது காலியாக இருந்தால் கன்ட்ரோலருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

திடீரென்று போய்விட்டால்?

தேய்மானத்தைவிட எதிர்பாராத மரணம்தான் ஆபத்து. 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் சர்வர் வாடிக்கையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. குறிப்பிட்ட சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், உள்ளே இருக்கும் தகவலை மீட்கவும் முடியாது என்பதுதான் அது. கணக்குப்படி 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். கணினிக்காரர்களுக்கு இந்த எண் பார்த்ததுமே விளங்கும்: பிளஸ், மைனஸ் குறியோடு எண்ணும் 16 பிட் கவுன்ட்டர் 32,767-உடன் முடிந்துவிடும். செல்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன, பிழை ஃபர்ம்வேரில். ஒரே நாளில் ஆன் செய்த டிரைவ்கள் ஒரே நேரத்தில் விழும் என்பதால், ஒன்றுக்கு இரண்டாக சர்வரில் போட்டு வைத்திருந்தாலும் பயன் இல்லை. புது ஃபர்ம்வேரைப் போட்டவர்கள் தப்பித்தார்கள்.

கூகுள் டேட்டா சென்டர்களின் ஆறு ஆண்டு விவரங்களை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. எவ்வளவு எழுதினோம் என்பதைவிட டிரைவின் வயதுக்கும் பிழைகளுக்கும்தான் தொடர்பு அதிகம். ஹார்டு டிஸ்க்கைவிட எஸ்எஸ்டியை மாற்ற வேண்டிய தேவை குறைவு. ஆனால், முதல் நான்கு ஆண்டுகளில் 20 முதல் 63 சதவீத எஸ்எஸ்டிகளில், படிக்கவே முடியாத தகவல் ஒரு தடவையாவது தென்பட்டது. ஹார்டு டிஸ்க்காவது பல நேரம் 'டக் டக்' என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போகும். எஸ்எஸ்டிக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

பீரோவில் இருக்கும் டிரைவ்

செல்லுக்குள் அடைத்த எலெக்ட்ரான்கள் காலப்போக்கில் கசியும். 2014-ல் சாம்சங் 840 ஈவோ டிரைவ்களில் புது ஃபைல்கள் வேகமாகத் திறக்க, மாதக்கணக்கில் தொடாத பழைய ஃபைல்கள் மட்டும் நத்தை வேகத்தில் வந்தன. செல்களின் மின்னழுத்த அளவு நகர்ந்துபோனதே காரணம். கடைசியில், பழைய தகவலை அவ்வப்போது புதிதாக எழுதிவைக்கும் ஃபர்ம்வேரைக் கொடுத்தார்கள்.

அது கரன்ட் கிடைக்கும் டிரைவ். பீரோவில் இருப்பதற்கு அந்த வசதியும் இல்லை. ஜெடெக் தர அமைப்பின் விதிப்படி, எழுதும் வரம்பை முழுக்கத் தொட்டுவிட்ட சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷம் தகவலைக் காத்தால் போதும். அதிகம் எழுதாத புது டிரைவ் இதைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால், வெப்பம் கூடினால் கசிவும் கூடும். மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை 30 டிகிரியில் நிற்குமா என்ன?

சில மாதங்களுக்கு ஒருமுறை டிரைவை எடுத்து கணினியில் செருகி, சில மணி நேரம் விட்டு, ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. நிறுவனத்தின் செயலியில் ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தால் பேக்கப் எடுத்த பிறகு போடலாம். இன்னொரு காப்பி கிளவுடிலோ வேறு டிரைவிலோ இருந்தே ஆக வேண்டும். வீட்டில் நல்ல நிலையில் ஒரு பழைய ஹார்டு டிஸ்க் சும்மா கிடந்தால், பீரோவுக்கு அதுதான் பொருத்தம். அதில் தகவல் காந்தப் பதிவாக இருப்பதால் கசிய எலெக்ட்ரான் இல்லை.