ஏட்டுச்சொல்லும் திரைச்சொல்லும்

பொருநை பாயும் நெல்லைச் சீமையில் தமிழ் ஏடுகள் பல பேணப்பட்டு வந்தன. திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் இருந்த கவிராயர் இல்லங்களுக்கு உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி வந்தார்; 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். ஓலையில் பெரும்பாலும் புள்ளி இராது. சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது. மூலம் எது, உரை எது என்பதைப் படிப்பவரே பிரித்தறிய வேண்டியிருந்தது. சொல்லின் எல்லையைக் காட்டும் குறி இல்லாவிடின் படிப்பவர் இடர்ப்படுவர். இவ்வுண்மை இன்றைய கணினிக் கையேட்டுக்கும் பொருந்தும்.

இருவகைச் சொற்கள்

கையேட்டில் விளக்குபவரின் சொற்களும் திரையில் தோன்றும் சொற்களும் கலந்து வரும். பொத்தான், பட்டியல், தேர்வுப்பெட்டி ஆகியவற்றின் பெயர்கள் இரண்டாம் வகையின. ஆங்கிலக் கையேடுகள் பலவும் இவற்றைத் தடித்த எழுத்தில் அச்சிடுகின்றன. கட்டளை வரிகளைச் சம அகல எழுத்தில் தருகின்றன. பெயரின் முதலில் வரும் பெரிய எழுத்தும் அங்கே துணைசெய்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. சாய்வெழுத்தும் நம் மரபில் வேரூன்றவில்லை. ஆதலின் தடித்த எழுத்தோ ஒற்றை மேற்கோள் குறியோ இங்கு இன்றியமையாததாகிறது.

இலக்கணம் காட்டும் வழி

திரையில் 'கோப்பு' என்னும் பட்டியல் உள்ளது. 'கோப்பைத் திறக்கவும்' என்று கையேடு கூறினால், பட்டியலைத் திறப்பதா, ஏதேனும் ஒரு கோப்பைத் திறப்பதா என்னும் ஐயம் எழும். வேற்றுமை உருபு ஏற்ற 'கோப்பை' என்னும் வடிவமோ திரையில் இல்லை; அது பருகும் கலத்தின் பெயருமாகும். 'சேமி' என்பது ஏவல் வினை. உருபை நேரே ஏற்காது. இவ்விரண்டு இடர்களையும் 'என்பதை' என்னும் சொல் நீக்குகிறது. "'கோப்பு' என்பதைத் திறந்து, 'சேமி' என்பதை அழுத்துக" எனும்போது திரைச்சொல் சிதையாது நிற்கிறது.

இஃது இன்று தோன்றிய உத்தியன்று. 'என' என்னும் இடைச்சொல் வினை, பெயர் முதலான ஆறு நிலைகளில் வருவதைத் தொல்காப்பியம் சுட்டுகிறது. அதன் சொல்லதிகாரத்திற்கு உரை கண்ட சேனாவரையர் பொருநைக் கரையிலுள்ள ஆற்றூரினர் என்பர். சொல்லையே பொருளாக எடுத்து விளக்கும் உரையாசிரியர் மரபுக்கு இவ்விடைச்சொல் பெருந்துணையாயிற்று.

பிழையின் விளைவு

அம்பாசமுத்திரத்து உழவர் ஒருவர் கையேட்டைப் பார்த்துச் சான்றிதழுக்கு இணையவழி விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். திரையில் 'சமர்ப்பி' என்றிருக்க, கையேடு 'அனுப்பு' என்று கூறுமாயின், அவர் இல்லாத பொத்தானைத் தேடித் திகைப்பார். அழுத்தப்படாத பொத்தானால் விண்ணப்பம் அலுவலகத்தைச் சென்றடையாது. எனவே, திரைச்சொல்லை எழுத்து மாறாது எழுதுதல், குறியிட்டு வேறுபடுத்தல், ஒரே குறியை நூல் முழுதும் கையாளுதல் ஆகிய மூன்றும் கையேடு எழுதுவோரின் கடமைகளாகும்.