விட்டுப் பிடித்தல்

நுழையும்முன்

காட்டில் வாழும் விலங்குகளை அவற்றின் காலடித் தடங்களைக் கொண்டு அறியலாம். வானில் பறக்கும் பறவைகளைக் கண்ணால் கண்டு கணக்கிடலாம். கடலுக்குள் நீந்தும் மீன்களோ தடம் எதனையும் விட்டுச் செல்வதில்லை. அவை எங்கே பிறக்கின்றன, எவ்வளவு தொலைவு செல்கின்றன, எத்தனை எஞ்சியுள்ளன என்னும் வினாக்களுக்கு விடை தேடும் அறிவியலாளர்களுக்குத் துணையாக நிற்பவர்கள், பொழுதுபோக்கிற்காகத் தூண்டிலிடும் எளிய மனிதர்கள். பிடித்த மீனை மீண்டும் கடலிலேயே விடுவதன் வழியாக அவர்கள் வளர்த்த அறிவைப் பற்றியது இப்பாடம்.

மீனுக்கு ஓர் அடையாளம்

ஒரு மீனைப் பிறிதொரு மீனிலிருந்து பிரித்தறியும் விருப்பம் மனிதனுக்கு நெடுங்காலமாகவே உண்டு. 1653ஆம் ஆண்டு வெளிவந்த 'தி கம்ப்ளீட் ஆங்லர்' என்னும் தூண்டிற்கலை நூலில், ஐசக் வால்டன் என்னும் ஆங்கில எழுத்தாளர் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். கடலை நோக்கிச் செல்லும் இளம் சால்மன் மீன்களின் வாலில் நாடாவைக் கட்டிவிட்டனர். சில மாதங்கள் கழித்து அதே இடத்தில் அந்நாடாவுடன் அவை மீண்டும் பிடிபட்டன. கடலுக்குச் சென்ற சால்மன் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் என்பதற்கு அந்நாடா சான்றாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், டென்மார்க் நாட்டைச் சேர்ந்த சி.ஜி. யோகன்னஸ் பீட்டர்சன் என்னும் உயிரியலாளர், தட்டை மீன்களின் உடலில் சிறு வட்டத் தகடுகளைப் பொருத்திக் கடலில் விட்டு ஆராய்ந்தார். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிராங்க் மேத்தர், இப்பணியில் தூண்டிற்காரர்களையும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டார். ஆய்வுக் கப்பல்கள் ஒருசில மட்டுமே. தூண்டிற்காரர்களோ கரை நெடுகிலும் உள்ளனர். அவர்கள் ஒவ்வொருவரையும் அறிவியலின் கையாகவும் கண்ணாகவும் ஆக்க முடியும் என்னும் எண்ணமே இம்முயற்சிக்கு அடிப்படை.

டர்பனில் ஒரு தொடக்கம்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள துறைமுக நகரம் டர்பன். 1860ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கப்பலேறிச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்நகரில் வாழ்கின்றனர். அங்குள்ள கடலியல் ஆய்வு நிறுவனம் 1984ஆம் ஆண்டில், தூண்டிற்காரர்களின் கூட்டுறவோடு மீன்களுக்கு அடையாளமிடும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இதில் இணைந்தனர். அவர்கள் அடையாளமிட்டு விடுவித்த மீன்களின் எண்ணிக்கை இரண்டு இலட்சத்தைக் கடந்தது.

இத்திட்டம் தோன்றியதற்கு வலுவான காரணம் இருந்தது. தென்னாப்பிரிக்கக் கரையோரத்தில் தூண்டிலால் பிடிக்கப்படும் மீன்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தன. தந்தை பிடித்த அளவுக்குப் பெரிய மீன்கள் மகனுக்குக் கிடைக்கவில்லை. நிலைமை முற்றி, 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு அரசு தூண்டில் மீன்வளத்தில் நெருக்கடி நிலையை அறிவிக்க நேர்ந்தது. எந்த மீனை எங்கே, எப்போது, எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டுமானால் அம்மீனின் வாழ்க்கையை அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவைத் திரட்டும் பணியில்தான் தூண்டிற்காரர்கள் பங்கேற்றனர்.

இழை பொருத்தும் முறை

இத்திட்டத்தில் பயன்படுவது மெல்லிய நெகிழி இழை. அதன் ஒரு முனையில் அம்பின் நுனி போன்ற சிறு கொக்கி இருக்கும். இழையின்மீது ஒரு தனி எண்ணும், ஆய்வு நிறுவனத்தைத் தொடர்புகொள்வதற்கான விவரமும் அச்சிடப்பட்டிருக்கும். ஓர் எண் ஒரு மீனுக்கு மட்டுமே உரியது.

மீன் தூண்டிலில் சிக்கியதும், அதனை நெடுநேரம் போராடவிடாமல் விரைந்து கரைசேர்க்க வேண்டும். களைத்துப்போன மீன், விடுவிக்கப்பட்ட பின்னரும் இறந்துபோகக்கூடும். உலர்ந்த கையாலோ மணலில் கிடத்தியோ மீனைக் கையாளுதல் கூடாது. மீனின் உடலைப் போர்த்தியுள்ள வழவழப்பான படலம் நோய்க் கிருமிகளிலிருந்து அதனைக் காக்கும் கவசம். உலர்ந்த கையும் சுடுமணலும் அக்கவசத்தை உரித்துவிடும். ஆகவே கடல்நீரில் நனைத்த விரிப்பின்மீது மீனைக் கிடத்தி, ஈரத்துணியால் அதன் கண்களை மூடுவர். கண் மறைக்கப்பட்ட மீன் துள்ளாமல் அமைதியாகக் கிடக்கும்.

பின்னர் அதன் நீளத்தை அளந்து, முதுகுத் துடுப்பின் அடியில், எலும்புகளுக்கு இடையே கொக்கி சிக்கி நிற்குமாறு இழையைச் சாய்வாகச் செலுத்துவர். இழையின் வெளிமுனை வாலை நோக்கிப் படிந்திருப்பதால், மீன் நீந்துவதற்கு அது இடையூறாக இருப்பதில்லை. இறுதியாக, மீனின் தலையை நீரோட்டத்தை எதிர்நோக்கி வைத்துத் தாங்கிப் பிடிப்பர். செவுள்கள் சீராக அசைந்து, மீன் தானே வலிமை பெற்று நீந்திச் செல்லும்வரை காத்திருப்பர்.

மீனின் இனம், நீளம், பிடித்த இடம், நாள், இழையின் எண் ஆகிய ஐந்து செய்திகளும் குறிக்கப்பட்டு ஆய்வு நிறுவனத்திற்கு அனுப்பப்படும். அம்மீன் என்றேனும் ஒருநாள் வேறொருவர் தூண்டிலில் சிக்கினால், அவரும் அதே செய்திகளைத் தெரிவிப்பார். இரு பதிவுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது, மீன் கடந்த தொலைவும் இடைப்பட்ட காலமும் அதன் வளர்ச்சியும் ஒருங்கே வெளிப்படும். முதலில் விடுவித்தவருக்கும் பின்னர்ப் பிடித்தவருக்கும் அம்மீனின் கதை தெரிவிக்கப்படும்.

மீன்கள் சொன்ன செய்தி

அடையாளமிடப்பட்ட மீன்களில் நூற்றுக்கு ஐந்தாறு மட்டுமே மீண்டும் பிடிபட்டன. ஆயினும் அச்சிறு தொகையே, அதுவரை அறியப்படாத உண்மைகளை வெளிக்கொணர்ந்தது.

தென்னாப்பிரிக்காவின் தேசிய மீன் கல்யூன். பாறைகள் நிறைந்த கரையில், அலை முறிந்து நுரைக்கும் இடத்தில் வாழ்வது. 1985ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட டி ஹூப் கடல் காப்பகத்தில் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான கல்யூன் மீன்களுக்கு அடையாளமிட்டனர். மீண்டும் பிடிபட்டவற்றுள் பெரும்பான்மையானவை, விடுவிக்கப்பட்ட இடத்திற்கு அருகிலேயே இருந்தன. சிலவோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் அகப்பட்டன. இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாயின. மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்ட காப்பகம், அங்கேயே தங்கும் மீன்களுக்குப் புகலிடமாகிறது. அங்குப் பெருகும் மீன்களுள் ஒரு பகுதி வெளியேறிப் பிற கரைகளையும் வளப்படுத்துகிறது. காப்பகத்தால் தங்களுக்கு என்ன பயன் என்று வினவிய தூண்டிற்காரர்களுக்கு, தூண்டிலே விடை கூறிற்று.

பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்த காரிக் என்னும் பெருமீனின் கதை இதற்கு மாறானது. கேப் பகுதியின் குளிர்ந்த கடலில் அடையாளமிடப்பட்ட காரிக் மீன்கள், குளிர்காலத்தில் வடகிழக்கே குவாசுலு-நட்டால் கரையில் பிடிபட்டன. மத்தி மீன் கூட்டங்களைத் தொடர்ந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீந்திவந்து, அங்கு முட்டையிட்டுத் திரும்புபவை அவை. இத்தகைய மீனை ஓரிடத்துக் காப்பகத்தால் மட்டும் காத்துவிட இயலாது. அது செல்லும் வழி முழுவதற்கும் பொருந்தும் பிடிவரம்பு தேவை.

கத்தாழை மீன் குடும்பத்தைச் சேர்ந்த கோப் என்னும் மீன் மூன்றாவது பாடத்தைக் கற்பித்தது. இதன் குஞ்சுகள் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகங்களில் வளர்கின்றன. அங்கு அடையாளமிடப்பட்ட இளமீன்களில் பெரும்பாலானவை அதே கழிமுகத்திலேயே மீண்டும் அகப்பட்டன. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் வளர்ந்த பின்னரே இம்மீன் இனப்பெருக்கம் செய்யும். அதற்கு முன்பே கழிமுகத்தில் அதனைப் பிடித்துத் தீர்த்துவிட்டால், கடலில் முட்டையிடத் தாய்மீன் எஞ்சாது.

ஓர் எளிய கணக்கு

கடலில் உள்ள மீன்களின் எண்ணிக்கையை மதிப்பிடவும் அடையாளமிடல் உதவும். பீட்டர்சனின் பெயரோடும், பறவைகளை ஆராய்ந்த லிங்கன் என்பவரின் பெயரோடும் வழங்கும் கணக்கு முறை அதற்கு அடிப்படை. ஒரு கழிமுகத்தில் 200 மீன்களுக்கு அடையாளமிட்டு விடுவிப்பதாகக் கொள்வோர், சில நாள் கழித்து 100 மீன்களைப் பிடிக்கின்றனர். அவற்றுள் 10 மீன்களில் இழை காணப்பட்டால், பத்தில் ஒரு பங்கு மீன்கள் அடையாளமுடையவை என்பது பொருள். எனவே அக்கழிமுகத்தில் உள்ள மொத்த மீன்கள் ஏறத்தாழ 2000 ஆகும்.

இக்கணக்கினுள் ஓர் ஆபத்தும் மறைந்துள்ளது. பிடிபட்ட 10 அடையாள மீன்களில் ஐந்தைப் பற்றி மட்டுமே செய்தி வந்தால், விடை 4000 என மாறிவிடும். ஒருவர் இழையைக் கண்டும் காணாதவர்போல் எறிந்துவிட்டாலோ, மீனின் உடலிலிருந்து இழை உதிர்ந்துவிட்டாலோ, இல்லாத மீன்கள் இருப்பதாகக் கணக்குக் காட்டும். அதனை நம்பி மீன்பிடிக்கு வரம்பைத் தளர்த்தினால் எஞ்சியவையும் அழியும். ஒரு தனிமனிதரின் கவனக்குறைவு ஓர் இனத்தின் அழிவுக்குத் துணைபோகக்கூடும் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

தெரிந்து தெளிவோம்
சுறா மீன்களுக்கு அடையாளமிடும் கூட்டுறவுத் திட்டம் அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டு நூற்றுக்கும் குறைவான தன்னார்வலர்களுடன் தொடங்கப்பட்டது. இதில் அடையாளமிடப்பட்ட ஒரு சுறா, 27 ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலில் வாழ்ந்த பிறகு மீண்டும் பிடிபட்டது.

குறைகளும் எச்சரிக்கைகளும்

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. மனிதர் தூண்டிலிடும் இடத்தில்தான் மீன் மீண்டும் பிடிபடும். ஆள் நடமாட்டமில்லாத கரைக்கு அது சென்றிருந்தால் செய்தி கிடைக்காது. விடுவித்த இடமும் மீண்டும் பிடித்த இடமும் தெரியுமேயன்றி, இடைப்பட்ட வழி தெரியாது. நீளத்தைக் கருத்தின்றி அளந்தால், ஆண்டுகள் பல கழிந்தும் மீன் சுருங்கிவிட்டதாகப் பதிவு காட்டும். ஒலியலைகளை வெளியிடும் மின்னணுக் கருவிகளை மீனின் உடலில் பொருத்தி ஆராயும் புதிய முறை, இடைப்பட்ட வழியையும் ஓரளவு காட்டுகிறது. ஆனால் அதற்கு ஆகும் செலவு மிகுதி என்பதால், நெகிழி இழையின் தேவை இன்னும் குறையவில்லை.

விடுவிக்கப்படும் எல்லா மீன்களும் பிழைப்பதில்லை என்பதும் மறைக்கக்கூடாத உண்மை. தூண்டில் முள்ளை விழுங்கிய மீன் உட்காயத்தால் இறக்கலாம். ஆழ்கடலிலிருந்து விரைந்து மேலே இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை விரிந்து, அது மீண்டும் ஆழத்திற்குச் செல்ல இயலாமல் தவிக்கும். ஆகவே, பயிற்சி இல்லாதவர் அடையாளமிடுவதும், நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டு எண்ணிக்கைக்காகவே மீன்களைப் பிடிப்பதும் தீமையாகவே முடியும். பெரும்பாலும் வாயின் ஓரத்திலேயே பதியும் வட்ட வடிவத் தூண்டில் முள்ளைப் பயன்படுத்துவது இழப்பைக் குறைக்கும்.

மாறிய மனம்

தூண்டிற்போட்டிகளில் ஒருகாலத்தில் இறந்த மீன்களைக் குவித்து எடைபோட்டே வெற்றி முடிவு செய்யப்பட்டது. இன்று தென்னாப்பிரிக்கக் கரையோரப் போட்டிகளில் மீனின் நீளத்தை அளந்து, அட்டவணையின் துணையால் எடையைக் கணக்கிட்டு, உயிருடன் கடலில் விடுகின்றனர். பிடிப்பதில் இருந்த பெருமை, பிழைக்க விடுவதற்கு மாறியது.

கடல்வளம் குறைந்ததற்குத் தூண்டிற்காரர்களும் ஒரு காரணம். அவ்வுண்மையை மறுக்காமல், தங்கள் திறமையையே அதனை ஈடுசெய்யும் கருவியாக அவர்களுள் பலர் மாற்றிக்கொண்டனர். அவர்கள் விடுவித்த மீன்களில் பெரும்பாலானவை மீண்டும் எவர் கைக்கும் வந்ததில்லை. தம் வாழ்நாளில் விடை கிடைக்குமா என்று அறியாமலேயே, அவர்கள் ஒவ்வொரு மீனையும் அளந்து, எண்ணைக் குறித்து, நீரில் விட்டனர். அவ்வாறு பல்லாண்டுகள் சேர்ந்த குறிப்புகளே இன்று பிடிவரம்புகளுக்கும் கடல் காப்பகங்களுக்கும் சான்றாக நிற்கின்றன.