பெட்டிகள் நெருங்கி ஓட

உப்புவெளியிலிருந்து திருகோணமலைப் புகையிரத நிலையம் பக்கம்தான். அங்கே பழைய பெட்டிகள் பூட்டிய கோச்சி நின்றால், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து பாருங்கள். கொக்கியில் மாட்டிய திருகை முறுக்கி, இருபுறத்து மோதுதாங்கிகளான பஃபர்களும் ஒன்றையொன்று தொடும்வரை இறுக்கியிருப்பார்கள். ரயிலின் அழகில் பாதி அந்த நெருக்கம்தான்.

அதே ரயிலை 76-இல் ஒரு பங்கு அளவு மாதிரியாக மேசைமேல் ஓட்டும்போது பெட்டிகள் விரலிடை விலகி நிற்கின்றன. காரணம் வளைவு. மேசையில் பலரும் போடும் 438 மி.மீ. ஆர வளைவை நிஜ அளவுக்குப் பெருக்கினால் 33 மீட்டர்தான் வரும். 21 மீட்டர் நீளப் பெட்டிகள் அதில் திரும்ப வேண்டும்! அந்த வளைவில், 28 செ.மீ. நீள மாதிரிப் பெட்டிகளின் உட்புற மூலைகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். நேர்பாதையில் ஒட்டி நின்றவை இங்கே முட்டித் தடம்புரளும்.

இதற்கு ஐரோப்பிய மாதிரி ரயில் செய்பவர்கள் கண்ட வழி அருமையானது. பெட்டியின் அடியில் இணைப்புத் தண்டு ஒரு வளைந்த பள்ளத்துக்குள் நகர்கிறது. சிறிய வில் அதை நடுவில் பிடித்து வைக்கிறது. வளைவில் தண்டு பக்கவாட்டில் திரும்பியதும் பள்ளம் அதை வெளியே தள்ளும், பெட்டிகள் விலகும். நேர்பாதைக்கு வந்ததும் வில் உள்ளே இழுத்துவிடும்.

கடையில் எல்லோரும் இணைப்பின் தலையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அடியிலுள்ள இந்த அமைப்பை. அது இருந்தால், எதிரெதிர்த் தலைகள் பூட்டியதும் மடங்காத ஒரே கம்பியாக மாற வேண்டும். ரோகோ, ஃபிளைஷ்மான் நிறுவனங்களின் நெருக்கத் தலைகள் அப்படிப்பட்டவை. தொளதொளத்த கொக்கி போட்டால் அசைவையெல்லாம் அந்தத் தொளதொளப்பே விழுங்கிவிடும், தண்டு நகராது. என்இஎம் 362 என்ற ஐரோப்பிய மாதிரி ரயில் தரத்தின்படியான பொருத்துகுழி இருந்தால் தலையைக் கையாலேயே பிடுங்கி மாற்றலாம். நகரும் தண்டு இல்லாத பழைய பெட்டிக்கு விறைத்த தலை கூடவே கூடாது.

எல்லா இடத்திலும் நெருக்கம் தேவையில்லை. எஞ்சின் மாட்டும் முனையில் எளிதில் கழலும் கொக்கியே போதும். மட்டக்களப்புப் பாதையும் திருகோணமலைப் பாதையும் பிரியும் கல்ஓயாச் சந்தியை மாதிரியில் அமைத்து, அங்கே ரயிலைப் பிரிக்க நினைத்தால் பிரியும் இடத்திலும் அதையே வையுங்கள்.

மாட்டி முடித்ததும் இழுத்துப் பார்ப்பது போதாது. எஸ் வடிவ வளைவில் முழு ரயிலையும் மெதுவாகப் பின்னோக்கித் தள்ளுங்கள். பஃபர்கள் சிக்கினால் ஒரு படி நீளமான தலையை மாட்டி மறுபடியும் தள்ளிப் பாருங்கள்.