துடிக்கும் கணத்தில் மூளை என்ன செய்கிறது?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் துப்பாக்கிச் சுடுதல் வீரர் கிம் ஜோங்-சு இரண்டு பதக்கங்களை வென்றார். 50 மீட்டர் பிஸ்டலில் வெள்ளி, 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம். ஒலிம்பிக் முடிவதற்குள்ளேயே இரண்டும் பறிபோயின. அவர் உடலில் கண்டுபிடிக்கப்பட்டது தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு அல்ல. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் புரோப்ரனலால். ஓட்டப் பந்தய வீரர் அதைப் போட்டுக்கொண்டு ஓடினால் பின்தங்கித்தான் போவார். ஆனால், இதயத் துடிப்பைக் குறைத்துக் கை நடுக்கத்தை அடக்கும் அந்த மாத்திரை, குறிபார்த்துச் சுடுபவருக்கு ஊக்கமருந்தாகிவிடுகிறது.

இதயம் மெதுவாகத் துடித்தால் குறி ஏன் தப்புவதில்லை? பின்லாந்து ஆய்வாளர்கள் 1987இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தேர்ந்த வீரர்கள் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் விசையை அழுத்துகிறார்கள். புதியவர்கள் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் அழுத்துகிறார்கள் என்றார்கள் அவர்கள். பின்னாளில் வந்த ஆய்வுகள் எல்லாமே இதை ஆமோதிக்கவில்லை. என்றாலும், அந்த இடைவெளிக்கும் மனிதரின் புலன்களுக்கும் தொடர்பு உண்டு என்பது இன்று பல ஆய்வகங்களில் உறுதியாகியிருக்கிறது.

நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்பின் சுற்று 0.8 நொடி. அதில் ஏறக்குறைய 0.3 நொடி இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகிறது. இது சிஸ்டோல். மீதி நேரம் தளர்ந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்கிறது. இது டயஸ்டோல். துடிப்பு மெதுவாகும்போது பெரும்பாலும் நீள்வது இந்த இரண்டாவது பகுதிதான். தள்ளப்பட்ட ரத்தம் பெருந்தமனியின் வளைவிலும் கழுத்துத் தமனியிலும் மோதும்போது, அங்குள்ள அழுத்த உணரிகள் விழித்துக்கொண்டு மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்புகின்றன. இதயம் தளரும்போது அவை அடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தகவல் என்றால், ஒரு நாளைக்கு லட்சம் தகவல்கள்.

இவற்றை மூளை எப்படிக் கையாள்கிறது? ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த எஸ்ரா அல், ஆர்னோ ஃபில்ரிங்கர் குழுவினர் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தன்னார்வலர்களின் விரலில், உணர்ந்தும் உணராத அளவுக்கு மெல்லிய மின்துடிப்பைக் கொடுத்தார்கள். இதயம் சுருங்கும் நேரத்தில் கொடுத்தால், அதை அவர்கள் உணரத் தவறியது அதிகம். தன் உடலில் நிகழும் அதிர்வை மூளை முன்கூட்டியே கணித்துத் தள்ளுபடி செய்கிறது. அந்தத் தள்ளுபடியில் வெளியிலிருந்து வரும் மெல்லிய தொடுகையும் சேர்ந்து போய்விடுகிறது என்பது அவர்கள் விளக்கம். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிப்பு வராததற்கும் இதே போன்ற கணிப்புதான் காரணம்.

அப்படியானால் துடிக்கும் கணத்தில் மூளை மந்தமாகிவிடுகிறதா? அங்கேதான் கதை திரும்புகிறது. இங்கிலாந்தில் சாரா கார்ஃபிங்கல், ஹ்யூகோ கிரிச்லி குழுவினர் 2014இல் செய்த சோதனையில், பயந்த முகங்களின் படங்கள் இதயம் சுருங்கும் கணத்தில் காட்டப்பட்டபோது அவை எளிதில் கண்ணில் பட்டன. அந்த முகங்களில் அச்சம் கூடுதலாகத் தெரிவதாகவும் பார்த்தவர்கள் சொன்னார்கள். தொடுகை மங்குகிற அதே கணத்தில் அச்சம் மட்டும் கூர்மையாகிறது.

ஆய்வகத்துக்குள் இது சுவாரசியமான தகவல். தெருவுக்கு வந்தால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். லண்டனில் ரூபன் அசெவெடோ, மானோஸ் சாகிரிஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் நிராயுதபாணியான கறுப்பினத்தவர்கள் போலீஸாரால் சுடப்படும் பின்னணியில் பேசப்பட்டது. திரையில் ஒருவர் தோன்றுவார். அவர் கையில் இருப்பது துப்பாக்கியா, கைபேசி போன்ற சாதாரணப் பொருளா என்று நொடியில் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவர் கையில் உள்ள சாதாரணப் பொருளைத் துப்பாக்கி என்று தவறாக எண்ணும் வாய்ப்பு, இதயம் சுருங்கும் கணத்தில் சுமார் 10 சதவீதம் கூடியது. இதயம் இன வெறுப்பை உண்டாக்குவதில்லை. சமூகம் மனதில் விதைத்த அச்சத்தை அது உரக்கச் சொல்கிறது, அவ்வளவே. துடிப்பின் மீது பழிபோட்டுத் துப்பாக்கி பிடித்தவர் தப்பிக்க இதில் இடமில்லை.

ஒரு துடிப்பின் கதை இது. துடிப்பின் வேகம் கூடினால் என்ன ஆகும்? 1974இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஏரன் ஆகிய உளவியலாளர்கள் கனடாவின் வான்கூவர் அருகே, ஆழமான பள்ளத்தாக்கின் மேல் ஆடும் கபிலானோ தொங்குபாலத்தில் ஓர் இளம்பெண்ணை நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் வந்த ஆண்களிடம் சில கேள்விகள் கேட்டுவிட்டு அவர் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு அழைத்தார்கள். அசையாத, தாழ்வான பாலத்தில் எண் வாங்கிய 16 பேரில் அழைத்தவர்கள் 2 பேர்தான். பாலம் தந்த படபடப்பை ஈர்ப்பு என்று எண்ணிக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் முடிவு. சிறிய எண்ணிக்கைதான், இதை வைத்துக்கொண்டு காதலுக்கு இலக்கணம் எழுதிவிட முடியாது.

படபடப்புதான் பயத்தை உண்டாக்குகிறதா, பயம்தான் படபடப்பைக் கொண்டுவருகிறதா? வில்லியம் ஜேம்ஸ் 1884இல் கிளப்பிய விவாதம் இது. உடல் முதலில் பதறுகிறது, அந்தப் பதற்றத்தை உணர்வதுதான் பயம் என்பது அவர் கட்சி. நூற்றாண்டுக்கும் மேலாக இதைச் சோதிக்க வழியில்லாமல் இருந்தது. இதயத்தை மட்டும் தனியாக விரட்ட யாராலும் முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் டெய்செரோத் குழு 2023இல் எலிகளிடம் அதைச் செய்து காட்டியது. ஒளி பட்டால் துடிக்கும்படி இதயத் தசையை மாற்றி, எலிக்குச் சின்ன எல்.இ.டி. விளக்கு பொருத்திய உடுப்பை மாட்டிவிட்டார்கள். நிமிடத்துக்கு 660 என்றிருந்த துடிப்பு, விளக்கு மின்ன மின்ன 900 ஆனது. ஆபத்தில்லாத கூண்டில் எலிகள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. திறந்தவெளியிலும், தண்ணீர் குடித்தால் ஷாக் அடிக்கலாம் என்ற நிலையிலும் மட்டும் அவை மிரண்டு ஒதுங்கின. உடலின் உள்நிலையைக் கவனிக்கும் இன்சுலா என்ற மூளைப் பகுதியை அடக்கியபோது அந்த மிரட்சி குறைந்தது. ஜேம்ஸ் சொன்னது பாதி சரி. இதயம் பயத்தைத் தூண்டும். சூழல் ஒத்துழைத்தால்தான் அது பலிக்கும்.

இந்தத் துறையில் அவசர முடிவுகளுக்கும் குறைவில்லை. நாடியைத் தொடாமல் தன் துடிப்பைச் சரியாக எண்ணும் நிதிச்சந்தை வர்த்தகர்கள் அதிக லாபம் ஈட்டுகிறார்கள் என்று 2016இல் வந்த லண்டன் ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. அதில் பங்கேற்ற வர்த்தகர்கள் 18 பேர் மட்டுமே. போதாக்குறைக்கு, அந்த எண்ணும் சோதனையிலேயே ஓட்டை உண்டு. தன் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கும் என்று அறிந்தவர், எதையும் உணராமலே கணக்குப் போட்டு மதிப்பெண் வாங்கிவிடலாம்.

மருத்துவமனையில் இந்த அறிவுக்கு உடனடிப் பயன் இருக்கிறது. திடீரென்று துடிப்பு எகிறும் ஒருவகை இதயத் தாளக் கோளாறு உள்ளவர்களை 1997இல் அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் அறிகுறிகள் ‘பீதி நோய்’ என்ற மனநலச் சிக்கலின் வரையறைக்கு அப்படியே பொருந்தின. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனையில் இதயக் கோளாறு கண்டுபிடிக்கப்படவில்லை. எனவே, காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்துப் பயம் கவ்வுகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், “மனசைப் போட்டு அலட்டிக்காதே” என்று அனுப்பிவிட வேண்டாம். முடிந்தால் படபடப்பு இருக்கும்போதே இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள், படபடப்பு அடங்கியபின் எடுத்தால் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.