குளிரறைக்குக் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்

எங்கள் எலவனாசூர்கோட்டை உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. மேற்கே போனால் கல்வராயன் மலை. சாலை வசதிக்குக் குறைவில்லை. ஆனாலும் காலையில் பறித்த வெண்டையும் கத்தரியும் அன்றைக்கே போகாவிட்டால் மறுநாள் வாடிவிடும், விலை போகாது. இயற்கை விவசாயிக்கு இதில் இரட்டை அடி. உள்ளூர் மண்டியில் போட்டால் மருந்தடித்த காய்க்கும் நம் காய்க்கும் ஒரே விலைதான். நம்மைத் தேடி வாங்குகிறவர்கள் வெளியூரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வண்டி வாரம் இரண்டு முறைதான். இடைப்பட்ட இரண்டு மூன்று நாள் காயைக் காப்பாற்ற ஒரு சின்ன குளிரறை இருந்தால் போதும். அதைச் சரியாகக் கட்டித் தருகிற ஆள்தான் கிடைப்பதில்லை.

வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது குளிரறை மனுக்கள் என் மேசைக்கு வரும். திட்ட அறிக்கையில் எத்தனை டன் கொள்ளளவு, இயந்திரம் என்ன விலை, மானியம் எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். என்ன காய் வைக்கப் போகிறார், அது எத்தனை டிகிரி சூட்டில் உள்ளே வரும், ஒரு நாளைக்கு எத்தனை முறை கதவு திறக்கும் என்று ஒரு வரி இருக்காது. ஓர் ஊரில் கேரட்டையும் வாழைத்தாரையும் ஒரே அறையில் 4 டிகிரியில் வைத்திருந்தார்கள். கேரட் நன்றாக இருந்தது, வாழை முழுக்கக் கறுத்துவிட்டது. இயந்திரத்தில் பழுது இல்லை. வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் குளிர்க்காயம் படும், பிறகு ஒழுங்காகப் பழுக்காது. இதை அந்த விவசாயிக்கு யாருமே சொல்லவில்லை. கடைசியில் அந்த அறையில் மூட்டை அடுக்கினார்கள். கடன் தவணை மட்டும் மாதா மாதம் ஓடியது.

இந்தியாவின் குளிர்ச் சங்கிலி பற்றி 2015இல் நபார்டின் ஆலோசனை நிறுவனம் ஓர் ஆய்வு செய்தது. பெரிய குளிர்பதனக் கிடங்குகள் தேவையை ஒட்டியே இருக்கின்றன. ஆனால் பண்ணைக்குப் பக்கத்தில் தரம் பிரித்து, முதல் சூட்டைத் தணித்து அனுப்பும் சிப்பமிடும் கூடங்கள் சுமார் 70,000 தேவைப்பட, இருந்தவை வெறும் 249. ஆக, வேலை கிராமத்துப் பக்கம்தான் காத்திருக்கிறது.

குளிரறை வடிவமைப்பு என்றால் என்ன? சென்னையில் விவேகானந்தர் இல்லம் என்கிறோமே, அந்தக் கட்டடம் 1842இல் ஐஸ் ஹவுஸாகக் கட்டப்பட்டது. அமெரிக்காவில் ஏரியில் வெட்டிய பனிக்கட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து அங்கே வந்து சேர்ந்தது. கம்ப்ரெசர் எதுவும் கிடையாது. வெளிச்சூட்டைத் தடுப்பதுதான் முதல் பாடம். மரத்தூள் செய்த வேலையை இன்று பஃப் பலகை செய்கிறது.

அடுத்தது கணக்கு. ஒரு டன் காயை 32 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு இறக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரு கிலோ காய் ஒரு டிகிரி குறைய ஏறக்குறைய 0.95 கிலோ கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். மொத்தம் 19,000. பத்து மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் மணிக்கு 1,900. ஒரு டன் குளிர்த்திறன் என்பது மணிக்கு 3,024. பத்தடிக்குப் பத்தடி அறையில், நான்கு அங்குல பஃப் பலகைச் சுவர் வழியாக வருவது மணிக்கு முந்நூறுக்குள் அடங்கிவிடும். கதவு திறப்பு, விசிறி, விளக்கு, உள்ளே போகிற ஆள், காய் சுவாசிக்கும்போது வெளிவிடும் சூடு எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு டன் இயந்திரம் தேவை. இதே காயை விடிகாலையில் 24 டிகிரியில் பறித்து வந்தால்? காயின் சூட்டுக் கணக்கு 11,400 ஆகிவிடும். நாற்பது விழுக்காடு மிச்சம்! கணக்குத் தெரிந்த வடிவமைப்பாளர் இயந்திரத்தின் அளவைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் அறுவடை நேரத்தைக் கேட்பார்.

ஈரப்பதமும் முக்கியம். வீட்டு ஏசி காற்றை உலர்த்திவிடும், கீரை சுருங்கிப்போகும். குளிர்ச்சுருளுக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைக் குறைவாக வைத்தால் ஈரம் நிற்கும். விதைக்கு இது தலைகீழ். நன்றாக உலர்ந்த விதையைக் காற்றுப்புகாமல் அடைத்துக் குளிரில் வைக்க வேண்டும். சேமிப்பு வெப்பம் 5 டிகிரி குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது விதை நூலார் சொல்லும் பொது விதி. 15 டிகிரிக்குக் கீழே அரிசி வண்டு பெருகாது. மாத்திரை போட்டுப் புகையூட்ட விரும்பாத நமக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதை எங்கே படிப்பது? பத்தாவது முடித்த பிள்ளைக்கு ஐடிஐயில் குளிர்பதனம், ஏசி பிரிவு இருக்கிறது. இரண்டு ஆண்டு. எல்லா ஐடிஐயிலும் இந்தப் பிரிவு இருக்காது, விசாரித்துக்கொண்டு சேருங்கள். அடுத்த படி மெக்கானிக்கல் டிப்ளமோ. அதற்கும் மேலே போக நினைப்பவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் படிக்கலாம், கோவையிலும் திருச்சி அருகே குமுளூரிலும் கல்லூரி இருக்கிறது. உணவுப் பதப்படுத்தல் பக்கம் என்றால் தஞ்சாவூரில் மத்திய அரசின் நிஃப்டெம் நிறுவனம். 1981இல் தொடங்கிய இஷ்ரே என்ற பொறியாளர் சங்கமும் பயிற்சிகள் நடத்துகிறது.

எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் கேட்டான். "ஏசி மெக்கானிக் வேலைதானேய்யா? அதுக்கா ரெண்டு வருசம்?" நான் சொன்னேன்: "பழுது பாக்குறவனா மட்டும் நின்னுடாத தம்பி. எந்தக் காய்க்கு எத்தனை டிகிரி, எவ்வளவு ஈரம்னு கத்துக்க. தக்காளி, வாழையெல்லாம் பழுக்கும்போது எத்திலீன்னு ஒரு வாயு விடும், பக்கத்துல கீரை இருந்தா மஞ்சளாயிடும். இது கம்ப்ரெசர் விக்கிறவனுக்குத் தெரியாது. காய் பறிச்சு வளந்த உனக்குச் சீக்கிரம் புரியும்."

வாயுவைப் பற்றியும் படிக்க வேண்டும். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. அதன்படி ஆர்-22 வாயு படிப்படியாக விலக்கப்படுகிறது. அம்மோனியா ஓசோனைக் கெடுக்காது, ஆனால் கசிந்தால் உயிருக்கு ஆபத்து. புரொப்பேன் நல்லது, ஆனால் தீப்பிடிக்கும். பயிற்சி இல்லாத கை இவற்றைத் தொடக் கூடாது.

கடன் பக்கம் இரண்டு வார்த்தை. தோட்டக்கலை இயக்கத்தில் குளிரறைக்கு மானியம் உண்டு, அது கடனோடு இணைந்தது, வேலை முடிந்த பிறகுதான் வரும். 2020இல் தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் இரண்டு கோடி வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை. இன்றைய விதிகளை வங்கியிலும் தோட்டக்கலை அலுவலகத்திலும் நேரில் கேளுங்கள். மானியத்தைப் பார்த்து அறையின் அளவை முடிவு செய்யாதீர்கள், உங்கள் வாரச் சரக்கை எடை போட்டு முடிவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்குள் என்றால் கம்ப்ரெசரே வேண்டாம். செங்கலில் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் மணல் கொட்டித் தண்ணீர் தெளிக்கிற பூசா குளிர்கலன் போதும். கோடையில் பத்து டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டும்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் ஐடிஐ சேர்க்கை தொடங்கிவிடும். ஒவ்வொரு உழவர் குழுவும் தன் ஊரிலிருந்து ஒரு பிள்ளையை, ஆணோ பெண்ணோ, இந்தப் படிப்புக்கு அனுப்புங்கள். பேருந்துச் செலவைக் குழுவே ஏற்றுக்கொள்ளட்டும். படித்து வருகிற பிள்ளைக்கு முதல் வேலையாக உங்கள் குளிரறையைக் கொடுங்கள்.