மூன்று முனைத் தொப்பியும் ரொட்டி விலையும்

விலை ஏறினால் வாடிக்கையாளரின் கோபத்தை முதலில் சந்திப்பவர் கடைக்காரர்தான். 1766-ல் ஸ்பெயின் நாட்டின் மன்னரே அந்தக் கோபத்தைச் சந்திக்க நேர்ந்தது. வெளியே சொல்லப்பட்ட காரணம் ஒரு தொப்பி!

கடற்கொள்ளையர் படங்களில் பார்த்திருப்பீர்கள்; விளிம்பை மூன்று பக்கமும் மேலே மடித்த தொப்பி. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பிரபுக்களும், படைவீரர்களும், வர்த்தகர்களும் அதைத்தான் அணிந்தனர். உயர்ந்த ரகம் பீவர் என்ற பிராணியின் ரோமத்தால் ஆனது. மலிவு ரகம் கம்பளியால் ஆனது.

மாட்ரிட் நகரத்துச் சாமானியர்களுக்கோ அகல விளிம்புத் தொப்பியும் நீண்ட மேலங்கியுமே வழக்கம். முகத்தை மறைத்துக் குற்றம் செய்ய அது வசதியாகிறது என்று கருதினார், மூன்றாம் கார்லோஸ் மன்னரின் அமைச்சர் எஸ்கிலாச்சே. இவர் இத்தாலியர். 1766 மார்ச்சில் அவ்வுடைக்குத் தடை வந்தது. இனிக் குட்டை அங்கியும் மூன்று முனைத் தொப்பியுந்தான். மீறினால் அபராதம், சிறை. அதிகாரிகள் தெருவிலேயே அங்கிகளைக் கத்தரித்துவிட்டார்கள்.

மார்ச் 23, குருத்தோலை ஞாயிறன்று நகரமே கொதித்தெழுந்தது. அமைச்சர் வீடு சூறையாடப்பட்டது. அவர் அமைத்த தெருவிளக்குகள் நொறுங்கின. மறுநாள் கூட்டம் அரண்மனை வாசலுக்கே வந்துவிட்டது.

மக்கள் கேட்டது என்ன? பழைய உடை வேண்டும், அமைச்சர் போக வேண்டும். இவற்றோடு உணவுப் பொருள் விலை இறங்க வேண்டும் என்பதும் ஒன்று. இங்கேதான் விஷயம் இருக்கிறது. 1765-ல் அரசு தானியத்துக்கு இருந்த உச்சவரம்பு விலையை நீக்கி, தானிய வியாபாரத்தைத் தாராளமாக்கியது. விளைச்சலோ சரியில்லை. சில ஆண்டுகளில் ரொட்டி விலை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. வயிறு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் தலையிலும் கை வைத்தார்கள்!

மன்னர் பணிந்தார். ரொட்டி விலை குறைக்கப்பட்டது. எஸ்கிலாச்சே இத்தாலிக்கு அனுப்பப்பட்டார். ஆனால் கலகம் சரகோசா முதலிய ஊர்களுக்கும் பரவியது. அங்கே தொப்பி ஒரு பொருட்டே அல்ல. தானிய விலைதான் பேச்சு. தானியத்தைப் பதுக்கியதாகச் சந்தேகிக்கப்பட்ட வணிகர்களின் வீடுகளும் சூறையாடப்பட்டன. சட்டம் போட்டது அரசு. அடி விழுந்தது வணிகர் மீது.

பின்னர் பொறுப்பேற்ற அரண்டா பிரபு அதட்டவில்லை. வணிகர், கைத்தொழிலாளர் சங்கங்களை அழைத்துப் பேசி, தாமாகவே புதிய உடைக்கு மாறும்படி கேட்டுக்கொண்டார். பழைய அகலத் தொப்பியைத் தூக்கிலிடுபவனின் சீருடையாக்கினார் என்றும் ஒரு கதை உண்டு. எப்படியோ, கலகத்தால் தடுக்கப்பட்ட மூன்று முனைத் தொப்பி, கலகமில்லாமலே மாட்ரிட் தலைகளில் ஏறியது.

ஒழுங்குமுறை எதுவானாலும், அதைத் தெருவில் நடைமுறைப்படுத்த வேண்டியவர்களை முதலில் கலந்து பேசுவது நல்லது. வணிகர்களாகிய நாமும் ஒன்றை மறக்கலாகாது: பண்டம் தட்டுப்படும் காலத்தில் இருப்பையும் விலையையும் ஒளிவுமறைவின்றி வைத்திருக்கும் கடைக்கே மக்களின் நம்பிக்கை காவல் நிற்கும்.